இங்கிலாந்துச் சிற்றூரில் ஊர் மக்கள் செய்யும் தொல்லியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ்ஷயரின் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். அவ்வூரின் வரலாற்றுக் குழுவில் தொண்டராக இருக்கிறேன் என்று சொன்னவுடன் தமிழ் நண்பர்களும் உறவினர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களை எழுப்புகிறார்கள். இந்நாட்டில் குடியேறியவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய விடைகள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

ஊர் மக்களே அகழாய்வு செய்கிறார்களா? அது அரசோ பல்கலைக்கழகமோ செய்ய வேண்டிய வேலையல்லவா?

இங்கிலாந்தில் இன்று நடக்கும் அகழாய்வுகளில் பெரும்பாலானவை கட்டடம் எழுப்புவோரின் செலவில், தொழில்முறைத் தொல்லியலாளர்களால் நடத்தப்படுபவை. 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பிறகு, வீடுகளோ சாலையோ வரவிருக்கும் நிலத்தில் பழைய தடயங்கள் இருக்கக்கூடும் என்று உள்ளாட்சி கருதினால், அவற்றை ஆராய்ந்து பதிவு செய்யும் செலவைக் கட்டுவோரே ஏற்கும் வழக்கம் நிலைபெற்றது. இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் புதுக் கட்டடம் எங்கே வருகிறதோ அங்கே மட்டும்தான் இந்த ஏற்பாட்டால் அறிவு சேரும்.

ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் ஒரு சிற்றூரின் நடுப்பகுதியில் இருப்பவை வீடுகள், கொல்லைகள், பள்ளி மைதானம், தேவாலயத்தைச் சுற்றிய நிலம் ஆகியவை. அங்கே பெரிய கட்டுமானம் வருவது அரிது. அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய, அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் தோட்டத்தைத் திறந்துவிட வேண்டும். தோண்டவும் கழுவவும் எழுதவும் ஆள்கள் வேண்டும். இந்த இரண்டையும் ஊர் மக்களால்தான் கொடுக்க முடியும். தொண்டர் தொல்லியல் தொழில்முறை ஆய்வுக்கு மாற்று அன்று. அது எட்டாத இடத்துக்கு எட்டுவது.

நான் தொல்லியல் படித்தவள் இல்லை. இந்த ஊருக்கு வந்தே சில ஆண்டுகள்தான் ஆகின்றன. என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலான குழுக்களில் ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா கட்டினால் உறுப்பினராகிவிடலாம். பட்டமோ பூர்விகமோ யாரும் கேட்பதில்லை. 1939இல் சஃபோக் கவுண்டியின் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) சட்டன் ஹூ என்னுமிடத்தில், மன்னர் ஒருவருக்காக எழுப்பப்பட்டது எனக் கருதப்படும் ஆங்கிலோ-சாக்சன் கப்பல் புதையிடத்தை (கப்பலையே புதைத்து அமைத்த கல்லறையை) முதலில் வெளிக்கொணர்ந்த பேசில் பிரவுன் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். தாமாகவே படித்துத் தேர்ந்தவர். மரம் முற்றிலும் மட்கிப்போன அந்தக் கப்பலின் இரும்பு ஆணிகளை இடம் பெயர்க்காமல், மண்ணில் பதிந்த வடிவத்தை மட்டும் பின்பற்றி அவர் தோண்டிய முறை இன்றும் போற்றப்படுகிறது.

குனிந்து தோண்ட முடியாதவர்களுக்கும் வேலை நிறைய உண்டு. உடைந்த மட்பாண்ட ஓடுகளைக் கழுவுதல், எண்ணிடுதல், பழைய கையெழுத்துகளைப் படித்துப் படியெடுத்தல், முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தல் எல்லாம் இதே பணியின் பகுதிகள். பிள்ளைகளுக்கு, பிரிட்டிஷ் தொல்லியல் கவுன்சில் நாடெங்கும் நடத்தும் இளம் தொல்லியலாளர் சங்கத்தின் கிளைகள் இருக்கின்றன. அதே கவுன்சில் ஒருங்கிணைக்கும் தொல்லியல் விழா கோடையில் நடைபெறும்போது, எதிலும் சேராமலே ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

மக்கள் வாழ்கிற ஊருக்குள் தோண்ட என்ன இருக்கிறது? பழைய ஊர்களெல்லாம் கைவிடப்பட்ட இடங்களில்தானே இருக்கும்?

இந்த எண்ணம் ஒரு காலத்தில் ஆய்வாளர்களிடமும் இருந்தது. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி, மக்கள் விட்டுச்சென்ற இடைக்கால ஊர். மாரிஸ் பெரஸ்போர்ட், ஜான் ஹர்ஸ்ட் ஆகிய இருவரின் தலைமையில் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் தொண்டர்கள் அங்கே கூடித் தோண்டினார்கள். உழவர் வீடுகள், தேவாலயம், மீன்குளம் என ஓர் ஊர் முழுவதையும் அறிந்துகொண்டது அந்த நாற்பது ஆண்டு உழைப்பால்தான். தொண்டர்களைக்கொண்டு கறாரான ஆய்வை நடத்த முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கைவிடப்பட்ட ஊர்கள் தோற்றுப்போன ஊர்கள். அவற்றை மட்டும் ஆராய்ந்தால், நிலைத்து நின்ற பெரும்பான்மை ஊர்கள் ஏன் நின்றன என்பது விளங்காது. தொல்லியலாளர்கள் மிக் ஆஸ்டனும் கிறிஸ் ஜெரார்டும் 1989இலிருந்து பத்தாண்டுகள் சாமர்செட்டின் ஷாப்விக் என்னும் ஊரில், மக்கள் குடியிருக்கும் தெருக்களையும் தோட்டங்களையும் ஆராய்ந்து வழி காட்டினார்கள். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கரேன்சா லூயிஸ் தொடங்கிய திட்டத்தில், 2005 முதல் பள்ளி மாணவர்களும் ஊர் மக்களும் கிழக்கு இங்கிலாந்தின் பல ஊர்களில் சோதனைக் குழிகள் எனப்படும் சிறு சிறு குழிகளைத் தோண்டினார்கள். எங்களைப் போன்ற குழுக்கள் பின்பற்றுவது அம்முறையையே.

சோதனைக் குழி என்கிறீர்களே, அதை எப்படித் தோண்டுகிறீர்கள்?

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அவ்வளவுதான். முதலில் குழியின் இடத்தை வீட்டு மூலையிலிருந்தும் வேலியிலிருந்தும் அளந்து வரைபடத்தில் குறிப்போம். புல்தரையைச் சதுரம் சதுரமாக வெட்டி, தார்ப்பாயின் மேல் வரிசை மாறாமல் அடுக்கி வைப்போம். பிறகு பத்து சென்டிமீட்டர் ஆழம் மட்டும் சீராகத் தோண்டி எடுத்து, அந்த மண் முழுவதையும் பத்து மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் சலிப்போம். சல்லடையில் தங்கியவை அந்த அடுக்கின் எண் எழுதிய தட்டுக்குப் போகும். குழியின் அடித்தளத்தைப் படமெடுத்து, மண்ணின் நிறம், ஈரம், கல்லின் அளவு ஆகியவற்றை எழுதி, அதன் பின்னரே அடுத்த பத்து சென்டிமீட்டரைத் தொடுவோம். ஓர் அடுக்கின் ஓடு மற்றோர் அடுக்கின் தட்டில் விழுந்துவிட்டால் அது தன் சாட்சியத்தை இழந்துவிடும். ஆகையால் ஒரு குழிக்கு ஒருவர் தட்டுகளை மட்டுமே கவனிப்பது நல்லது.

மனிதர் கைபடாத கன்னி மண் வந்தால் தோண்டுவதை நிறுத்துவோம். எங்கள் பகுதியில் அது பெரும்பாலும் வெளிர்மஞ்சள் களிமண்ணாகவோ சுண்ணாம்புப் பாறையாகவோ இருக்கும். சுமார் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போவதில்லை; சரிந்து விழும் ஆபத்து உண்டு. சுவரோ அடுப்புத் தரையோ தென்பட்டால் அங்கேயே நிறுத்திப் படமெடுத்து, வல்லுநரிடம் கேட்போம். ஒரு குழிக்கு நான்கைந்து பேரும் ஒரு வார இறுதியும் தேவை. கடைசியில் மண்ணைத் திரும்ப இட்டு மிதித்து, புல்லை வெட்டிய வரிசையிலேயே பதிக்கிறோம். சில வாரங்களில் குழி இருந்த இடமே தெரியாது.

உடைந்த ஓட்டுத் துண்டை வைத்துக் காலத்தைச் சொல்கிறீர்கள். அது ஊகம்தானே?

ஊகம் இல்லை. பானை எளிதில் உடையும். உடைந்த ஓடு எளிதில் அழியாது. அதை எடுத்துப் போற்றுவாரும் இல்லாததால் விழுந்த இடத்துக்கு அருகிலேயே கிடக்கும். களிமண்ணின் கலவை, சுட்ட முறை, மெருகு ஆகியவை ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கின்றன. காலம் உறுதியாகத் தெரிந்த இடங்களில் கிடைத்த ஓடுகளோடு ஒப்பிட்டுப் பல தலைமுறை ஆய்வாளர்கள் அந்த வரிசையை வகுத்துவைத்திருக்கிறார்கள். இறுதி முடிவை நாங்கள் சொல்வதில்லை. கழுவிப் பிரித்த ஓடுகள் எல்லாவற்றையும் மட்கல வல்லுநர் ஒருவர் பார்ப்பார்.

எங்கள் தட்டுகளில் வருவனவற்றை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். முதல் அடுக்குகளில் வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம் அச்சிட்ட 19ஆம் நூற்றாண்டுத் தட்டுகளின் சில்லுகள், நிலக்கரிச் சாம்பல், துருப்பிடித்த ஆணி. அவற்றோடும் அவற்றுக்குக் கீழேயும் வெண்களிமண் புகைக்குழாய்களின் தண்டுகள். புகையிலை விலையுயர்ந்திருந்த 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்குழாயின் கிண்ணம் மிகச் சிறியதாக இருந்தது; புகையிலை மலிவாக மலிவாகக் கிண்ணம் பெரிதாயிற்று. எனவே கிண்ணத்தின் அளவே காலத்தைக் காட்டும். இன்னும் கீழே பச்சை மெருகிட்ட இடைக்கால ஜாடி ஓடுகள். அதற்கும் கீழே, நல்ல பேறு இருந்தால், செயின்ட் நியோட்ஸ் ஓடு. கி.பி. 900 முதல் 1100 வரையிலான காலத்தைச் சேர்ந்த அந்த ஓட்டின் களிமண்ணில் கிளிஞ்சல் பொடி கலந்திருக்கும். ஈர விரலால் தடவினால் சோப்பைத் தொடுவதுபோல் வழுக்கும்; உடைந்த விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும். சில துண்டுகளில் கிளிஞ்சல் கரைந்துபோய்ச் சிறு துளைகள் மட்டும் எஞ்சியிருக்கும். பல் துலக்கும் பழைய தூரிகையால் சேற்றை நீக்கும்போது அந்தப் புள்ளிகள் தெரியும் கணத்துக்காகவே கழுவும் மேசையில் உட்கார விரும்புகிறவர்களை நான் அறிவேன்.

எப்போதாவது உரோமர் காலத்துச் செந்நிறப் பளபளப்பு ஓடும் வரும். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் இன்றைய பிரான்சுப் பகுதியில் செய்யப்பட்டவை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டின் காலத்தைக் கணிக்க ஆதாரமாகக் கொண்ட இத்தாலிய ஓடுகள் இதே மரபின் மூத்த கிளையைச் சேர்ந்தவை.

இரண்டு நாள் தோண்டியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் உழைப்பு வீண்தானே?

வீண் இல்லை. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் ஒரே ஒரு விடையை மனத்தில் வைக்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். ஒரு குழி தன்னளவில் எதையும் சொல்லாது. ஊர் முழுவதும் பரவலாகத் தோண்டிய முப்பது நாற்பது குழிகளை வரைபடத்தில் வைத்து, நூற்றாண்டுவாரியாக ஓடுகளைக் குறித்தால்தான் ஊரின் வடிவம் தெரியும். 11ஆம் நூற்றாண்டு ஓடுகள் தேவாலயத்தைச் சுற்றி மட்டுமே கிடைத்து, கீழைத்தெருவின் பத்துக் குழிகளிலும் கிடைக்கவில்லை என்றால், அன்று கீழைத்தெரு வயலாக இருந்தது என்று நியாயமாகச் சொல்லலாம். அந்தப் பத்து வெறுங்குழிகளும் இல்லாமல் அதைச் சொல்லவே முடியாது.

எண்ணிக்கையோடு துண்டின் நிலையையும் பார்க்க வேண்டும். அக்காலத்தில் வீட்டுக் குப்பை சாணத்தோடு சேர்ந்து வயலுக்குப் போயிற்று. ஆகவே ஓரிரு சிறிய துண்டுகள், அதுவும் விளிம்பு மழுங்கிக் கிடைத்தால், அது உரமிட்ட வயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளிம்பு கூராக உள்ள பெரிய துண்டுகள் பல ஒரே இடத்தில் கிடைத்தால், அருகில் வீடு இருந்திருக்கும். ஒன்றும் கிடைக்காத குழியைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும் குழு தன் வரைபடத்தைத் தானே பொய்யாக்கிக்கொள்கிறது.

கொள்ளை நோயின் பாதிப்பைக்கூடத் தோட்டக் குழிகள் காட்டின என்று படித்தேன். உண்மையா?

உண்மை. 1348இல் இங்கிலாந்தில் நுழைந்த பெருங்கொள்ளை நோய் எத்தனை பேரைக் கொன்றது என்பது நீண்ட நாள் விவாதம். முன்பு சொன்ன கரேன்சா லூயிஸ், கிழக்கு இங்கிலாந்தின் 55 ஊர்களில் தோண்டப்பட்ட சுமார் 2,000 குழிகளின் ஓடுகளை ஒப்பிட்டு 2016இல் தம் ஆய்வை வெளியிட்டார். நோய்க்கு முந்திய காலத்து ஓடுகளோடு ஒப்பிட, பிந்திய நூற்றாண்டுகளின் ஓடுகள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்திருந்தன. நார்ஃபோக் கவுண்டியில் சரிவு இன்னும் கடுமை. சில ஊர்களில் சரிவே இல்லை.

இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். பானை பயன்படுத்தும் பழக்கம் மாறினாலும் ஓடு குறையும். 1315 முதல் 1317 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திலேயே தேயத் தொடங்கிய ஊர்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் சலித்தெடுத்த தட்டுகள், ஆவணங்களை மட்டும் வைத்து நடந்த விவாதம் ஒன்றுக்குப் புதிய சான்று அளித்தன. ஒவ்வொரு குழியும் ஒரே முறையில் தோண்டப்பட்டதால்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

எனக்குத் தோண்டுவதில் விருப்பமில்லை. ஆவணங்களை மட்டும் வைத்து ஊர் வரலாற்றை எழுத முடியாதா?

நன்றாக எழுதலாம். இந்நாட்டுச் சிற்றூர்களுக்கு இருக்கும் ஆவணச் செல்வம் வியப்புக்குரியது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் பெரும்பாலான ஊர்களின் பெயர், ஏர்களின் எண்ணிக்கை, ஆலை, புல்வெளி ஆகியவை உண்டு. ஆனால் அது குடும்பத் தலைவர்களை மட்டுமே எண்ணியது என்பதை மறக்கக் கூடாது. 1538 முதல் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை பதிவாயின. நிலப்பிரபு தம் குடியானவர்களுக்காக நடத்திய பண்ணை நீதிமன்றத்தின் பதிவுச் சுருள்கள் கிடைத்தால் உழவர்களின் குரலே கேட்கும்: வேலியை உடைத்தவர், மாட்டை அவிழ்த்துவிட்டவர், குத்தகை மாறியவர் எல்லாரும் பெயரோடு வருவார்கள். லெஸ்டர்ஷயரின் கிப்வொர்த் ஹார்கோர்ட் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்கு உரியதாகிவிட்டது. அதன் ஆவணங்களைக் கல்லூரி பாதுகாத்ததால், அந்த ஊர்க் குடும்பங்களைப் பல நூற்றாண்டுகள் தொடர்ந்து பின்பற்ற முடிகிறது.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கும் கடமையைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தபோது, ஒவ்வொரு நிலத்துக்கும் எண்ணிட்டு, உரிமையாளர், பயிரிடுபவர், பரப்பு, பயன்பாடு, பல வேளைகளில் வயலின் பெயர் ஆகியவற்றை எழுதினார்கள். பொதுவயல்களைத் தனித்தனி உடைமைகளாகப் பிரித்த நிலப்பங்கீட்டின்போதே தசமபாகம் தீர்க்கப்பட்ட ஊர்களுக்கு இவ்வரைபடம் இல்லாமல் போகலாம். அங்கே நிலப்பங்கீட்டு வரைபடத்தைத் தேட வேண்டும். இரண்டையும் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். அதில் 40 என்று இருப்பவருக்கு 44 வயதும் ஆகியிருக்கலாம். 1921 வரையிலான ஏடுகளைப் பார்க்கலாம். 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீக்கிரையாகிவிட்டன.

வானத்திலிருந்து பார்த்தால் பழைய ஊர் தெரியும் என்கிறார்களே?

பல இடங்களில் தெரியும். விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் லைடார் தரவுகளை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் இலவசமாகத் தருகிறது. கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் மேய்ச்சல் நிலத்தில் இடைக்கால உழவின் பாத்திகளும், மறைந்துபோன தெருவின் பள்ளமும், வீட்டு மனைகளின் மேடுகளும் கணினித் திரையில் வரிசையாக எழும். குழிகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் இதைப் பார்ப்பது இன்றியமையாதது.

என் வீட்டுத் தோட்டத்தில் நானே தோண்டிப் பார்க்கலாமா? யாருடைய அனுமதி வேண்டும்?

நிலம் உங்களுடையதாக இருந்து, அது பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக அறிவிக்கப்படாத இடமாக இருந்தால், சட்டம் பொதுவாகத் தடுக்காது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அட்டவணையில் சேர்க்கப்பட்ட தொல்சின்னங்களில் முன் இசைவு பெறாமல் தோண்டுவது குற்றம். உங்கள் இடம் அந்த அட்டவணையில் இருக்கிறதா என்பதை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் யாரும் பார்க்கலாம்.

ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் செய்யத் தக்கது ஆகாது. தோண்டிய மண்ணை மீண்டும் ஒருமுறை தோண்ட முடியாது. தனியாகத் தொடங்காமல், உள்ளூர்க் குழுவிடமும் கவுண்டியின் தொல்லியல் அலுவலரிடமும் முதலில் பேசுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் வரலாற்றுச் சூழல் பதிவகம் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் இதுவரை கிடைத்தவை அங்கே பதிவாகியிருக்கும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று விசாரிக்காமல் கடப்பாரையை எடுக்கவே கூடாது.

மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களும் உங்களைப் போன்றவர்கள்தானா?

நோக்கமும் நடத்தையும் ஆளுக்கு ஆள் மாறும். நில உரிமையாளரின் ஒப்புதலோடு தேடுவது இங்கிலாந்தில் சட்டப்படி சரியே. அட்டவணைத் தொல்சின்னத்தில் தனி உரிமம் இல்லாமல் தேடுவது குற்றம். 1997இல் தொடங்கி 2003இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் விரிந்த பழம்பொருள் பதிவுத் திட்டத்தை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்துகிறது. கண்டெடுத்தவர்கள் தாமாக முன்வந்து பொருளையும் கிடைத்த இடத்தையும் பதிவு செய்யும் அந்தத் திட்டம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அறிவுலகுக்குத் தந்திருக்கிறது.

இருசாராரும் இணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சஃபோக்கின் ரெண்டில்ஷம் நல்ல எடுத்துக்காட்டு. அது மன்னர் வாழ்ந்த இடம் என்று 8ஆம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி எழுதியிருந்தார். எந்த வயல் என்பது தெரியவில்லை. டிடெக்டர் கொண்டு முறையாக, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்து நடத்திய நீண்ட தேடல் அந்த இடத்தைக் காட்டிற்று. பிறகு ஊர்த் தொண்டர்கள் பங்கேற்ற அகழாய்வில், 2022இல், 23 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட அரச மாளிகையின் தடம் வெளிப்பட்டது. உழுத வயலின் மேல்மண்ணில் தேடுவதற்கும், இரவில் திருட்டுத்தனமாகப் புகுந்து கலையாத அடுக்கைக் கிளறுவதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மறந்துவிடக் கூடாது.

தங்கம் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

சாதாரணப் பொருள்கள், அதாவது ஓடு, எலும்பு, ஆணி, தனியாகக் கிடைத்த நாணயம் போன்றவை பொதுவாக நில உரிமையாளருக்கே சொந்தம். ஆகவே தோண்டும் முன்பே, பொருள்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா வீட்டுக்காரர் வைத்துக்கொள்வதா என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும்.

புதையல் வேறு. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் எடையில் குறைந்தது 10 விழுக்காடு தங்கமோ வெள்ளியோ கொண்டதுமான பொருள் புதையல் ஆகும். ஒரே இடத்தில் கிடைத்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொன், வெள்ளி நாணயங்களும் அப்படியே. மலிவு உலோகமானால் பத்து நாணயங்கள் இருக்க வேண்டும். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டவையும் விதிவிலக்கான முக்கியத்துவம் உடையவையுமான உலோகப் பொருள்கள் 2023 ஜூலையில் சேர்க்கப்பட்டன. இவற்றை 14 நாள்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். புதையலை விசாரிப்பதும் இந்நாட்டில் அவருடைய பொறுப்பே. நடைமுறையில், மேலே சொன்ன பழம்பொருள் பதிவுத் திட்டத்தின் உள்ளூர் அலுவலர் வழியாகவே இது நடக்கும். அருங்காட்சியகம் ஒன்று வாங்கிக்கொண்டால் அதன் மதிப்பு பரிசாக வழங்கப்படும். வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதி பெறுவார்கள். ஆனால் முறையான அகழாய்வில் ஈடுபட்டவர்களுக்குக் கண்டெடுத்தவரின் பங்கு கிடையாது. தொண்டர்களுக்கும் இது பொருந்தும். இது மிகச் சரியான விதி என்பது என் உறுதியான கருத்து. பங்கு கிடைக்கும் என்ற எண்ணம் குழிக்குள் நுழைந்துவிட்டால் சாம்பல் நிற ஓட்டை யாரும் பொறுமையாக எழுத மாட்டார்கள்.

மனித எலும்பு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

உடனே நிறுத்துவோம்; எலும்பை அசைக்காமல் மூடிவிட்டுக் காவல்துறைக்கும் கவுண்டி தொல்லியல் அலுவலருக்கும் சொல்வோம். பழைய எலும்பு என்று உறுதியானாலும், புதைத்த உடலை எடுக்க 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் கீழ் நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் கல்லறைத் தோட்டமானால் அதற்குப் பதிலாக மறைமாவட்டத்தின் இசைவு தேவை. தேவாலய மதிலை ஒட்டிய தோட்டங்களில் குழி வைப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். பழைய கல்லறைத் தோட்டத்தின் எல்லை இன்றைய மதிலுக்கு வெளியேயும் பரவியிருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

கருவிகளுக்கு அதிகச் செலவில்லை. மண்வெட்டி, கொத்துக்கரண்டி, சல்லடை, வாளி, தார்ப்பாய் ஆகியவை பல ஆண்டுகள் உழைக்கும். மட்கல வல்லுநரின் கட்டணம், அறிக்கை அச்சிடுதல், காப்பீடு ஆகியவற்றுக்கே பணம் வேண்டும். ஊராட்சி மன்றம் போன்ற பாரிஷ் கவுன்சில் சிறு தொகை கொடுப்பதுண்டு. பெரிய திட்டங்களுக்குத் தேசிய லாட்டரி மரபு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். திட்டச் செலவைக் கணக்கிடும்போது தோண்டிய பிறகு நடக்கும் வேலைக்கே பெரும்பகுதியை ஒதுக்குங்கள்.

தேவாலயத்திலிருந்து பண்ணை மாளிகைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. அது பொய் என்று தெரிந்தால் மக்கள் வருத்தப்பட மாட்டார்களா?

ஆங்கிலச் சிற்றூர்கள் பலவற்றில் இந்தக் கதை உண்டு. ஆராய்ந்த இடங்களில் பெரும்பாலும் வடிகாலோ நிலவறையோதான் இருந்திருக்கிறது. நாங்கள் கதையைப் பொய் என்று அறிவிப்பதில்லை. யார் சொன்னார், எந்த ஆண்டில் சொன்னார், எங்கே தொடங்குகிறது என்றார் என எழுதிக்கொள்கிறோம். வடிகால் கிடைத்தால் அதையும் எழுதுகிறோம். கதை எப்போது பிறந்தது என்பதே ஊர் வரலாற்றின் ஒரு பகுதி. அதைச் சொன்ன முதியவரை அவமதிக்காமல் உண்மையைச் சொல்ல எப்போதும் வழி இருக்கிறது.

உயிர்வேலிகளின் வயது பற்றிய நம்பிக்கையையும் இங்கே சேர்க்கலாம். முப்பது கஜ நீள வேலியில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றனவோ அத்தனை நூற்றாண்டுகள் அதன் வயது என்ற மேக்ஸ் ஹூப்பரின் விதி குழுக்களிடையே இன்றும் உலவுகிறது. தொடக்கத்திலேயே பல வகைகளைக் கலந்து நட்ட வேலிகளும் உண்டு என்பதால், வரைபடச் சான்று இல்லாமல் அதை நம்பி ஆண்டு குறிக்கக் கூடாது.

தொண்டர்கள் இலவசமாகச் செய்தால் தொழில்முறைத் தொல்லியலாளர்களின் பிழைப்பு கெடாதா?

இது நியாயமான கவலை. கட்டடம் வரும் நிலத்தில் செலவைக் குறைக்கத் தொண்டர்களைப் பயன்படுத்தச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அது கட்டுவோர் ஏற்க வேண்டிய கடமை என்பதை முதல் விடையிலேயே சொன்னேன். அதற்கு மாறாக, நாங்கள் வல்லுநர்களுக்குக் கூலி கொடுத்து வேலை தருகிறோம். வல்லுநரின் மேற்பார்வையே இல்லாமல் பெரிய பரப்பைத் திறக்கும் குழுக்களைக் கண்டால் எனக்கு வருத்தம் உண்டாகிறது. ஆர்வம் எவ்வளவு தூயதாக இருந்தாலும் அழிந்த அடுக்கு திரும்பாது.

எல்லாம் முடிந்த பிறகு முடிவுகளை யாரிடம் கொடுக்க வேண்டும்? ஓடுகளை என்ன செய்வது?

அறிக்கையின் ஒரு படி வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். அங்கே சேர்ந்தால்தான், நாளை உங்கள் தெருவில் வீடு கட்ட விண்ணப்பம் வரும்போது உங்கள் குழிகளின் சாட்சியம் அலுவலரின் கண்ணில் படும். யார்க்கில் 1996 முதல் இயங்கும் தொல்லியல் தரவுக் காப்பகத்தில் எண்ணிம வடிவில் சேர்த்தால் உலகில் எங்கிருப்பவரும் படிக்கலாம். அறிக்கையில் ஒவ்வொரு குழியின் இடம், அடுக்கு, ஓடுகளின் எண்ணிக்கை, எடை ஆகியவை அட்டவணையாக இருக்க வேண்டும். வெறுங்குழிகளும் அதில் இடம்பெற வேண்டும்.

ஓடுகள் விஷயத்தில் நிலைமை கடினமானது. பல அருங்காட்சியகங்களின் கிடங்குகள் நிரம்பிவிட்டன. புதிய பெட்டிகளை ஏற்கச் சில இடங்களில் கட்டணம் உண்டு, சில இடங்கள் ஏற்பதே இல்லை. எனவே தோண்டும் முன்பே கேட்டு, அவர்கள் விரும்பும் பெட்டி, பை, எண்ணிடும் முறை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்க இடமில்லை என்றால், வல்லுநரின் அறிவுரைப்படி எவற்றை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுத்து, விட்டவற்றையும் எண்ணி எடையிட்டுப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரரே ஓடுகளை வைத்துக்கொண்டால், குழியின் எண்ணும் அடுக்கின் எண்ணும் எழுதிய சீட்டைப் பைக்குள்ளேயே போட்டு மூடிக்கொடுங்கள். வீடு கைமாறும்போது பையும் கைமாறும். அப்போது விவரம் சொல்ல அந்தச் சீட்டு மட்டுமே இருக்கும்.